ஆல்ப்ஸ் எதற்கு, வாலாஜாபாத் இருக்க?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நண்பர், தறி நின்றுபோன தம் வீட்டுக் கூடத்தில் மாதிரி ரயில்பாதை ஒன்றை அமைக்கத் திட்டமிட்டிருக்கிறார். கூடம் 6 மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம். மூன்று சுவர்களை ஒட்டி ஓடும் மரத்தட்டு, அதன்மேல் தண்டவாளம், நிலையங்கள், மலை, பாலம், ஓடும் ரயில்கள். பல ஆண்டுக்கால வேலை. செய்தி எங்கள் இலக்கிய நண்பர் குழாமை எட்டியபோது ஒரு சாரார் சிரித்தார்கள். ஐம்பது வயதில் பொம்மை ரயிலா என்றார்கள். இன்னொரு சாரார் சினந்தார்கள். தறி இருந்த இடத்தில் பொம்மை ரயிலா என்றார்கள். இவ்விரு சாராரோடும் எங்களுக்கு வழக்கு உண்டு. ரயில் கட்டும் நண்பரோடும் ஒன்று உண்டு. அதுவே பெரிய வழக்கு என்பதால் பின்னால் வைத்துக்கொள்வோம்.

சிரித்தவர்களை முதலில் பார்ப்போம். சிறிதாக்கிச் செய்வது சிறுபிள்ளைத்தனம் என்று எந்த ஊரில் நின்று வேண்டுமானாலும் சொல்லலாம், காஞ்சிபுரத்தில் நின்று சொல்லக்கூடாது. ராஜசிம்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய கைலாசநாதர் கோயிலின் உட்சுற்றில் 58 சிறு சன்னதிகள் வரிசை கட்டி நிற்கின்றன. ஒவ்வொன்றும் தனக்கென விமானம் கொண்டது. அண்ணாந்து பெரிய விமானத்தைப் பாருங்கள். தளந்தோறும் கூடம், சாலை, பஞ்சரம் என்று சிற்ப நூல்கள் பெயரிட்டழைக்கும் உறுப்புகள். அவை என்ன? கட்டடங்களின் குறு உருவங்கள். சிறிய கோயில்களை அடுக்கி அடுக்கிப் பெரிய கோயிலைச் செய்திருக்கிறான் நம் தச்சன். அருகிலேயே வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுற்று மண்டபச் சுவரில், பல்லவர் குலவரலாறு முழுவதும் சிறு உருவங்களாக ஓடுகிறது. இரண்டாம் நந்திவர்மன் சிறுவனாக அழைத்துவரப்பட்டு முடிசூடியது வரைக்கும். அந்தச் சிற்பியிடம் போய், இந்த வயதில் உமக்கு ஏன் பொம்மை என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் பின்னோக்கிப் போக மனமில்லாதவர்கள் பொம்மைக்காரத் தெருவுக்குப் போகலாம். களிமண்ணிலும் காகிதக் கூழிலும் கொலுப் பொம்மைகள் உருவாகும் தெரு அது. 2019இல் அத்திவரதர் 48 நாட்கள் காட்சி தந்து மீண்டும் குளத்துக்குள் சென்ற பிறகு, அவ்வாண்டு நவராத்திரிக்கு அத்திவரதர் பொம்மைகள் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன. ஊரில் நடந்ததை உடனே சிறு உருவமாக்கி நினைவில் நிறுத்தும் பழக்கம் நமக்கு அத்தனை இயல்பானது. கொலுப்படிக்குக் கீழே தரையில் அமைக்கும் 'பார்க்'கை நினைத்துப் பார்க்க வேண்டும். கேழ்வரகோ கடுகோ தூவி முளைக்கவைத்த புல்வெளி. முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒரு தெப்பக்குளம். செங்கல் அடுக்கி மேலே மண் பூசிய மலை, உச்சியில் முருகன். தீப்பெட்டிகளால் ஆன தெரு. அதைச் சுற்றிவரச் சாவி கொடுத்தால் ஓடும் ஒரு தகர ரயில். திட்டமும் அளவும் பொறுமையும் இல்லாமல் இதைச் செய்ய முடியாது. கை எட்டாத மூலையில் எதையும் வைக்கக்கூடாது என்பது மாதிரி ரயில் கட்டுபவர்களின் முதல் விதி. ஓரத்திலிருந்து முக்கால் மீட்டருக்குமேல் பலகை போனால், கவிழ்ந்த பெட்டியை எடுக்க முடியாது என்பார்கள். கொலு வைக்கும் எந்தப் பாட்டிக்கும் தெரிந்த விதி இது.

பிறகு ஏன் இந்தச் சிரிப்பு? எங்களுக்குத் தோன்றும் காரணம் கசப்பானது. கொலுவும் பார்க்கும் பெண்களும் குழந்தைகளும் செய்தவை. பத்து நாளில் கலைத்து மரப்பெட்டிக்குள் போடப்படுபவை. கையெழுத்து இல்லாதவை. ஆகவே நம் இலக்கியவாதிகளின் 'படைப்பு' என்ற பட்டியலில் அவற்றுக்கு இடம் கிடைக்கவில்லை. நாட்டார் கலைகளைப் பற்றி நூறு பக்கக் கட்டுரை எழுதுகிறவர், தம் வீட்டுக் கூடத்தில் தம் மனைவி பதினைந்து வருடமாக அமைத்துவரும் சிறு ஊரைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. (எழுதியவர்கள் இருந்தால் தெரிவிக்கவும். மகிழ்ச்சியோடு வாசிப்போம்.)

உலகின் பிற இடங்களில் இந்த வேலைக்கு எத்தகைய மூளைகள் வந்து சேர்ந்திருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. 1940களில் அமெரிக்காவின் ஃபிராங்க் எலிசன், மாதிரி ரயில்பாதை என்பது ஒரு நாடகம் என்று எழுதினார். பாதை மேடை, சுற்றியுள்ள நிலக்காட்சி அரங்கப் பின்னணி, ரயில்கள் நடிகர்கள், கால அட்டவணைதான் கதை. வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்த பொம்மையை, ஓரிடத்திலிருந்து ஓரிடத்துக்குக் காரணத்தோடு போகிற ரயிலாக மாற்றிய சிந்தனை அது. கலிபோர்னியாவின் ஜான் ஆலன் தம் வீட்டின் அடித்தளத்தில் 'கோரி அண்ட் டிஃபீட்டட்' என்ற கற்பனை ரயில்வேயை ஆண்டுக்கணக்கில் கட்டினார். 1973 ஜனவரியில் அவர் இறந்தார்; சில நாட்களுக்குள் தீப்பிடித்து ரயில்வேயும் அழிந்தது. இன்றும் அந்தப் புகைப்படங்களைப் பார்த்து அதைப்போலக் கட்ட முயல்கிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1946இல் தொடங்கிய மாதிரி ரயில் சங்கத்தில், பலகைக்கு மேலே மலையும் ஊரும் செய்தவர்கள் ஒரு பிரிவு. பலகைக்குக் கீழே தொலைபேசி நிலைய ரிலேக்களை வைத்துச் சுற்றமைத்தவர்கள் இன்னொரு பிரிவு. கணினி உலகில் 'ஹாக்கர்' என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது அந்த இரண்டாம் பிரிவிலிருந்துதான். துளையிட்ட அட்டைகளை ஜக்கார்டில் மாட்டி ஜரிகை அன்னத்தையும் யாளியையும் எழுப்பும் ஊர்க்காரர்களுக்கு, பலகைக்குக் கீழே நடக்கும் அந்த விவகாரம் அந்நியமாக இருக்கக் காரணமில்லை. இந்தியாவிலேயே, புணேயின் ஜோஷி குடும்பம் தம் ஆர்வத்தால் சேர்த்ததையெல்லாம் கொண்டு 1998இல் சிற்றுரு ரயில் அருங்காட்சியகத்தைப் பொதுமக்களுக்குத் திறந்தது. ஹாம்பர்க்கில் பிரௌன் சகோதரர்கள் 2001இல் திறந்தது இன்று ஊரின் பெரிய அடையாளங்களில் ஒன்று. சிரிப்பவர்கள் எதைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று தெரிந்துகொண்டு சிரிக்கட்டும்.

இனி சினந்தவர்கள். இவர்களை அவ்வளவு எளிதாகக் கடக்க முடியாது. தறிக்கூடம் என்பது வெறும் அறை அல்ல. குழியில் கால் இறக்கி உட்கார்ந்து ஒரு குடும்பம் உண்டு உடுத்த இடம். கோர்வைப் புடவை நெய்ய மூன்று நாடா வேண்டும். பக்கத்தில் நின்று நாடா தள்ளித்தர இன்னொரு கை வேண்டும். பல வீடுகளில் அந்தக் கை மகனுடையதாகவோ மகளுடையதாகவோ இருந்தது. இப்போது பிள்ளைகள் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஆலை வேலைக்குப் போய்விட, தறி தனித்து நின்று, பிறகு விறகானது. அந்தக் குழியை மூடிவிட்டு ஜெர்மனி எஞ்சின் வாங்கி ஓட்டுவதா? ஒலியோடு ஓடும் நல்ல எஞ்சின் ஒன்றின் விலைக்கு ஓர் அசல் ஜரிகைப் பட்டு எடுக்கலாமே? நியாயமான கேள்விதான்.

ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களிடம் நாங்கள் ஒன்று கேட்கிறோம். தறி நின்றபோது எங்கே இருந்தீர்கள்? பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்' வந்தபோது அரங்கில் கண்ணீர் விட்டவர்கள், அடுத்த முகூர்த்தத்துக்குப் புடவை எடுக்கையில் கூலியில் பேரம் பேசினார்கள். அல்லது கூட்டுறவுச் சங்கத்தின் வாசலைத் தாண்டிப்போய் விசைத்தறிச் சேலையைக் 'காஞ்சிபுரம்' என்று வாங்கி வந்தார்கள். கைவேலையின் நேரத்துக்கு விலையே கிடையாது என்று நினைக்கிற மனம்தான் நெசவாளியிடம் பேரம் பேசுகிறது. அதே மனம்தான் ரயில் கட்டுகிறவனைப் பார்த்து, இவனுக்கு வேறு வேலையில்லையா என்கிறது. இரண்டையும் நாங்கள் ஒரே நோயாகப் பார்க்கிறோம். தறி நின்ற கூடத்தை வாடகைக் கிடங்காக்கினால் யாரும் சினப்பதில்லை. கார் நிறுத்தினால் சினப்பதில்லை. பிளாஸ்டிக் குடங்கள் அடுக்கினால் சினப்பதில்லை. மறுபடியும் ஒரு மனிதன் அங்கே உட்கார்ந்து கண்ணும் கையும் குவித்து மில்லிமீட்டரோடு மல்லாடினால் மட்டும் சினம் வருகிறது. நண்பரின் தகப்பனார் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாகப் புட்டாவுக்குக் கணக்குப் போட்டவர். இவர் அதே மாதிரித் தாளில் வளைவுக்கும் சாய்வுக்கும் கணக்குப் போடுகிறார். தறியின் துக்கத்தை நாங்களும் அறிவோம். அந்தத் துக்கத்துக்குக் கூடத்தைக் காலியாக வைத்திருப்பதுதான் மரியாதை என்பதை ஏற்க மாட்டோம்.

இப்போது நண்பரோடு உள்ள வழக்கு.

அவர் வரைந்துவைத்திருக்கும் திட்டத்தைப் பார்த்தோம். சுவிட்சர்லாந்து. பனி மூடிய ஆல்ப்ஸ், மூன்று சுரங்கங்கள், செங்கூரை வேய்ந்த மர வீடுகள், கழுத்தில் மணி கட்டிய பசுக்கள். எல்லாம் அட்டைப்பெட்டியில் ஆயத்தமாகக் கிடைக்கும், ஒட்டினால் போதும் என்கிறார். ஏனய்யா இந்த வேலை என்று கேட்டால் அவரிடம் தொழில்நுட்ப விடை ஒன்று இருக்கிறது. அதை மதித்தே பேச வேண்டும். பரவலான அளவு 1:87. அதில் தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ.; ஐரோப்பிய, அமெரிக்கப் பாதைகளின் 1,435 மி.மீ. அகலத்தை 87ஆல் வகுத்தால் வருவது. நம் அகலப்பாதையோ 1,676 மி.மீ. வகுத்துப் பார்த்தால் 19 மி.மீ.க்குச் சற்று மேல். அந்த அகலத்தில் தண்டவாளமும் சக்கரமும் கடையில் எளிதில் கிடைப்பதில்லை. 16.5இல் இந்திய ரயிலை ஓட்டினால், பெரிய உடம்புக்குச் சின்னக் கால் வைத்தது போலிருக்கும். ஆகவே இந்தியப் பாதையைச் சரியாகச் செய்ய முடியாது, ஆகவே ஆல்ப்ஸ். இது அவர் வாதம்.

வாதத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. காஞ்சிபுரத்தின் பாதை எப்போதும் அகலப்பாதையாக இருக்கவில்லை. செங்கல்பட்டு – அரக்கோணம் பாதை மீட்டர் கேஜாக இருந்தது. அகலப்பாதையாகி ஒரு தலைமுறைதான் ஆகிறது. ஆயிரம் மி.மீ.யை 87ஆல் வகுத்தால் பதினொன்றரை. ஐரோப்பாவில் மீட்டர் கேஜ் மலை ரயில்களுக்கென்றே 12 மி.மீ. தண்டவாளம் விற்கிறார்கள். அரை மி.மீ. வித்தியாசத்தை எந்தக் கண்ணும் கண்டுபிடிக்காது. அதாவது இன்று ஓடும் ரயிலைத்தான் நம்மால் அளவு பிசகாமல் செய்ய முடியாது. மறைந்துபோன ரயிலைச் செய்ய முடியும். இப்படியொரு வாய்ப்பை ஒரு நாவலாசிரியனுக்குக் கொடுத்தால் அவன் கையெடுத்துக் கும்பிட்டிருப்பான்.

என்ன கட்டலாம் என்பதையும் சொல்லிவிடுகிறோம், இல்லையேல் வெறும் வசையாகிவிடும். மூன்று சுவர்களின் நீளம் பதினான்கரை மீட்டர். உண்மையில் ஒரு கிலோமீட்டர் இங்கே பதினொன்றரை மீட்டராகும் என்றால், கூடம் முழுவதும் சேர்ந்து ஒன்றேகால் கிலோமீட்டருக்கு மேல் கொள்ளாது. காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத்துக்குக்கூடப் போக முடியாது. எனவே தேர்ந்து சுருக்க வேண்டும். காஞ்சிபுரம், வாலாஜாபாத், பழைய சீவரம் – இந்த மூன்று நிலையங்கள் போதும். பாலூரையும் திருமால்பூரையும் தக்கோலத்தையும் மனத்தாங்கலோடு விட்டுவிடலாம். சுமார் பத்தொன்பதரை மீட்டர் நீளமுள்ள மீட்டர் கேஜ் பெட்டி இங்கே இருபத்திரண்டரை செ.மீ. ஐந்து பெட்டியும் ஓர் எஞ்சினும் சேர்ந்து ஒன்றரை மீட்டருக்குள் அடங்கும். நிலையத்துக்கு இரண்டு மீட்டர் என்றால் மூன்றுக்கும் ஆறு. மீதி எட்டரை மீட்டர் வயலுக்கும் ஏரிக்கும் பனைக்கும். வளைவுகளில் சமாதானம் செய்துகொள்ள வேண்டியதுதான். 350 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவைச் சரியாகச் செய்தால் இங்கே நான்கு மீட்டர் ஆரம் வேண்டும், கூடத்தின் அகலமே அவ்வளவு இல்லை. அறுபது செ.மீ. ஆரத்தில் திருப்பி, திரும்புகிற இடத்தை ஒரு தோப்புக்குப் பின்னே மறைத்துவிடலாம்.

இரு முனைகளிலும் பலகைத் தடுப்புக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத தண்டவாளங்கள் சில. ஒன்று செங்கல்பட்டு, மற்றது அரக்கோணம். ரயில்கள் அங்கே காத்திருந்து, நேரம் வரும்போது மேடைக்கு வரும். தெருக்கூத்தில் திரைக்குப் பின் வேடம் கட்டி நிற்பவனைப் போல. பார்ப்பவனுக்கு அந்த ரயில் எங்கிருந்தோ வந்து எங்கோ போகிறது. அரக்கோணத்தில் மீட்டர் கேஜ் முடிந்து அகலப்பாதை தொடங்கியது. ஆளும் சரக்கும் அங்கே இறங்கி மாற வேண்டியிருந்தது. அந்த அலுப்பு முழுவதையும் ஒரு தடுப்புப் பலகைக்குப் பின்னால் ஒளித்துவைக்கிற வாய்ப்பை எந்த ஆல்ப்ஸ் தரும்?

நம் எழுத்தாளர்களைக் குறித்து இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும். தமிழ்ச் சிறுகதையில் ரயில் ஆயிரம் முறை வருகிறது. பெரும்பாலும் பிரிவாக வருகிறது, ஜன்னலோர நினைவோட்டமாக வருகிறது, தற்கொலையாக வருகிறது. ரயிலாக வருவது அபூர்வம். ஒற்றைப்பாதையில் ஒரு ரயில் நிலையத்தை விட்டுப் புறப்பட வேண்டுமானால் டிரைவர் கையில் டோக்கன் இருக்க வேண்டும் என்பதும், அந்த ஒரு பந்து அவர் கையில் இருக்கும்வரை எதிர்த்திசையில் எதுவும் அந்தப் பகுதிக்குள் நுழைய முடியாது என்பதும், பிரம்பு வளையத்தில் மாட்டிய பையில் அது கைமாறியது என்பதும் தெரிந்து எழுதியவர்கள் எத்தனை பேர்? அசோகமித்திரனைப் போல ரயில்வே குடும்பத்தில் பிறந்தவர்களை விலக்கிவிட்டால் விரல்கள் மிஞ்சும். நிலம், வட்டாரம், மண் என்று முப்பது ஆண்டுகளாகப் பேசுகிறோம். பழைய சீவரத்தில் பாதை எந்தப் பக்கம் வளைந்தது, நடைமேடை எத்தனை அடி, ஓட்டுக்கூரையா சிமென்ட்டா, தண்ணீர்த்தொட்டி எங்கே இருந்தது என்று கேட்டால் வாய் மூடிக்கொள்கிறோம். மாதிரி ரயில் கட்டுகிறவன் வாய் மூட முடியாது. அவனுக்கு உருவகம் உதவாது. கூரையின் சாய்வு தெரியாமல் கூரை செய்ய முடியாது. அவன் போய் அளந்தாக வேண்டும். ஓய்வுபெற்ற கேங்மேனையும் சிக்னல்மேனையும் தேடிப்போய்த் திண்ணையில் உட்கார்ந்து கேட்டாக வேண்டும். அவர்களில் பலர் இன்னும் அதிக ஆண்டுகள் இருக்கப்போவதில்லை. நண்பரிடம் நாங்கள் சண்டைபோடுவதற்கு அவசரக் காரணம் இதுதான். ஆல்ப்ஸ் பத்தாண்டு கழித்தும் அட்டைப்பெட்டியில் கிடைக்கும்.

அவர் சொன்ன கடைசி மறுப்பு: நம் பாதையில் காட்சி இல்லை, தட்டையான ஊர். இதற்கு நாங்கள் சிரித்தோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். 1509இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரம் ஏறத்தாழ 190 அடி. 1:87இல் அது இரண்டடிக்குச் சற்று மேல் வரும். பின்சுவரில் தொடுவானத்தை வரைந்து, அதன்முன் அந்த இரண்டடியை நிறுத்தி, கீழே ஒரு ஒய்.பி. நீராவி எஞ்சின் புகை தள்ளிக்கொண்டு வருவதைக் கற்பனை செய்துவிட்டு மறுபடியும் தட்டை என்று சொல்லட்டும். மலைதான் வேண்டுமென்றால் பழைய சீவரத்தில் நரசிம்மர் உட்கார்ந்திருக்கும் குன்று இருக்கிறது, கீழே பாலாறு இருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கும் ஆறு என்பதால் தண்ணீர் செய்யும் செலவும் மிச்சம்.

செலவு என்றதும் இதையும் சேர்த்துக்கொள்ளலாம். எஞ்சினும் தண்டவாளமும் வெளிநாட்டிலிருந்து வரட்டும். மற்றதெல்லாம் ஊரிலேயே இருக்கிறது. காகிதக் கூழ், களிமண், தேங்காய்நார்த் தூள், மரத்தூள், தந்திக் கம்பிக்குக் கழிவுப் பட்டிழை. ஆட்கள் மட்டும்தான் சிக்கல். ஐந்தரை அடி மனிதன் இந்த அளவில் 19 மி.மீ. உயரம். ஜெர்மனியின் பிரைசர் நிறுவனம் இந்த அளவில் எத்தனையோ வகை மனிதர்களை விற்கிறது, தொப்பி போட்டவர், நாய் பிடித்தவர், பனிச்சறுக்குபவர் என்று. கண்டாங்கி கட்டிக்கொண்டு வாலாஜாபாத் நடைமேடையில் கீரைக்கூடையோடு குந்தியிருக்கும் கிழவியை அவர்கள் செய்யப்போவதில்லை. பாவு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பெட்டிக்குள் ஏறத் தடுமாறும் நெசவாளியையும் செய்யப்போவதில்லை. பொம்மைக்காரத் தெருவில் அரையடிக்குக் கீழே உருவம் செய்யச் சொன்னால் முதலில் முகம் சுளிப்பார்கள், இரண்டு செ.மீ. என்றால் அடிக்கவே வருவார்கள். நண்பர் இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்ப் பேச்சைத் தொடங்கட்டும். நவராத்திரி நெருங்கிவிட்டால் அவர்களுக்குப் பேச நேரமிருக்காது.